முதல் மான் வேட்டை: .308 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா?

கேள்வி:

வணக்கம் ஐயா. வேட்டைப் பயிற்சியும் தேர்வும் முடித்து, உரிமமும் இந்தப் பருவத்துக்கான அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டேன். பயன்படுத்திய .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று கிடைத்தது. குழல் நீளம் 20 அங்குலம். நான் போகும் இடத்தில் மான்கள் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். காட்டோரத்தில் உட்கார்ந்து சுடுவேன். தூரம் 150 மீட்டரைத் தாண்டாது.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. 150, 165, 180 கிரெய்ன் என்று எடைகள். சாஃப்ட் பாயின்ட், பாண்டட், பிளாஸ்டிக் முனை, செம்பு என்று வகைகள். 'இருப்பதிலேயே பவர் அதிகமானதாக எடுங்கள், 180 தான் சரி' என்கிறார் கடைக்காரர். '.308 போதாது, மேக்னம் வாங்கு' என்கிறார் நண்பர். ரைஃபிளை விற்றவர் ராணுவ உபரித் தோட்டா ஒரு பெட்டி சும்மா கொடுத்தார். அதையே வேட்டைக்கும் வைத்துக்கொள்ளலாமா? மான் கறியை வீட்டில் எல்லோரும் சாப்பிடுவோம். சிறு பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

மானின் எடை, தூரம், குழல் நீளம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். தோட்டா கேட்டு வருகிற பலர் இதில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் என் பதிலை அதிகம் மாற்றியது பிள்ளைகளைப் பற்றிய அந்த ஒரு வரிதான். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் .308 தாராளமாகப் போதும். ஈயம் கலக்காத செம்புக் குண்டு வைத்த வேட்டைத் தோட்டாவாக, 130 அல்லது 150 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் சிறிய அலகு) எடையில், இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். உங்கள் ரைஃபிளுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். செம்பில் எதுவுமே சரியாக விழவில்லை என்றால் 150 அல்லது 165 கிரெய்ன் பாண்டட் (உறையும் ஈயமும் ஒட்டிய) குண்டுக்குப் போகலாம். 180 தேவையில்லை. மேக்னம் என்கிற பெரிய, பலமான தோட்டாவும் தேவையில்லை. ராணுவத் தோட்டாவை மான் மேல் சுடவே கூடாது.

இனி காரணங்கள். தோட்டா என்று நான் சொல்வது முழுப் பொருளையும்: பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, நுனியில் குண்டு. மானைப் போய்ச் சேர்வது குண்டு மட்டும். பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வரைக்குமான கதை. மானின் உடம்புக்குள் அது என்ன செய்யும் என்பது சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

குண்டு இரண்டு நுரையீரல்களையும் கிழித்துக்கொண்டு போனால் ரத்தம் வேகமாக வெளியேறும், ரத்த அழுத்தம் விழும், மூளைக்கு ஆக்சிஜன் போவது நிற்கும். மான் சாவது இப்படித்தான். இதற்குச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில், சரியான இடத்தில் அடிபட்ட மானே 50, 100 மீட்டர் ஓடிவிடும். பெரிய தோட்டா என்றால் மானை அப்படியே தூக்கி எறியும் என்று பேசிக்கொள்கிறார்கள். மானைத் தூக்கி எறிகிற உந்தம் ஒரு குண்டில் இருந்தால், சுட்ட கணத்திலேயே அதே உந்தம் உங்களையும் பின்னால் தூக்கி எறிந்திருக்கும். அப்படி எதுவும் நடப்பதில்லை. மானைக் கொல்வது குண்டு போட்ட துளையும் அந்தத் துளை போகும் வழியும்தான்.

ஆகவே குண்டிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. உள்ளே நுழைந்ததும் அது விரிய வேண்டும். விரிந்தால்தான் நுரையீரலில் அகலமான காயம் உண்டாகும். விரிந்த பிறகும் நொறுங்கிப் போகாமல் மறுபக்கம் வழியாக வெளியே வர வேண்டும். வெளியே வந்த துளை இருந்தால்தான் தரையில் ரத்தத் தடம் கிடைக்கும். காட்டோரத்தில் சுடப்போகிற உங்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் உயிர்நாடி. அடிபட்ட மான் புதருக்குள் புகுந்துவிட்டால் தடம் இல்லாமல் தேடுவது மிகவும் கஷ்டம். தேடிக் கிடைக்காத மான் எங்கோ வலியில் கிடக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் ராணுவத் தோட்டா முதலிலேயே தோற்றுவிடுகிறது. அதன் குண்டின் முனை முழுக்க உலோக உறைக்குள் இருக்கும். அது விரிவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஊசி குத்தியது போல ஒரு மெல்லிய துளை போட்டுவிட்டுப் போய்விடும், அல்லது உள்ளே தலைகீழாகப் புரண்டு எங்காவது திரும்பிவிடும். இரண்டில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு உண்டு. 1890-களில் கல்கத்தாவுக்குப் பக்கத்திலிருந்த டம் டம் ஆயுதச் சாலையில், முனையில் ஈயம் வெளியே தெரிகிற மாதிரி, அடிபட்டதும் விரிகிற குண்டுகளைச் செய்தார்கள். விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-இல் ஹேக் நகரில் நடந்த மாநாடு பிரகடனம் செய்தது. அதனால் ராணுவங்கள் முழு உறைக் குண்டோடு நின்றுவிட்டன. வேட்டையில் நிலைமை நேர் எதிர். மிருகம் சீக்கிரம் சாக வேண்டும் என்பதால், மானுக்கு விரியும் குண்டுதான் பயன்படுத்த வேண்டும் என்று பல நாடுகளின் சட்டமே சொல்கிறது. உங்களுக்குக் கிடைத்த பெட்டியைச் சுடுதளத்தில் காகித இலக்கு மேல் சுட்டுத் தீர்க்கலாம், தளத்தின் விதி அனுமதித்தால். சிலவற்றின் குண்டுக்குள் எஃகு இருக்கும். அதைப் பல தளங்களில் விடமாட்டார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொரு குண்டையும் இங்கேயே விலக்கிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அடிக்கடி ஏமாறுவது அதில்தான். போட்டிகளில் சுடுவதற்கென்றே 'மேட்ச்' தோட்டாக்கள் வருகின்றன; .308-இல் 168 கிரெய்ன் மிகவும் பிரபலம். அவற்றின் முனையில் குட்டித் துளை ஒன்று தெரியும். முனையில் துளை இருப்பதால் விரியும் குண்டு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உறையைப் பின்பக்கமிருந்து முனை நோக்கி இழுத்துச் செய்வதால் மிஞ்சும் துளைதான் அது, விரிவதற்காக வைத்ததல்ல. சில சமயம் விரியும், சில சமயம் விரியாது. காகிதத்தில் அழகாக ஒரே இடத்தில் விழும், மானில் நம்ப முடியாது.

இந்த இரண்டையும் தள்ளிவிட்டால் மிச்சமிருப்பவை வேட்டைக் குண்டுகள். அவற்றிலும் நான்கு பெயர்கள்தான் உங்கள் கண்ணில் படும்.

சாஃப்ட் பாயின்ட் பழைய, எளிய வகை. செம்புக் கலவை உறைக்குள் ஈயம், முனையில் ஈயம் வெளியே தெரியும். .308 வேகத்தில் 50 முதல் 80 கிலோ மானுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. இன்றும் மிக அதிகமாக விற்பதில் இதுவும் ஒன்று. இதன் பலவீனம், கிட்டத்தில் எலும்பில் பட்டால் ஈயமும் உறையும் தனித்தனியாகப் பிரிந்து சிதறிவிடலாம் என்பது. ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-இல் சேறு அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்டபோது குண்டு ஆழமாகப் போகாமல் சிதறிவிட்டது. அந்த எரிச்சலில் அவர் குண்டுக்கு நடுவில் ஒரு உலோகச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி அப்படியே உள்ளே போகும்படி ஒன்றைச் செய்தார். பார்ட்டிஷன் என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. பாண்டட் குண்டும் அதே நோயைத் தீர்க்க வந்ததுதான், வேறு வழியில்: உறையையும் ஈயத்தையும் பிரிய முடியாதபடி ஒட்டவைத்துவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் முனை என்பதைத் தனி வகையாக நினைத்துக் குழம்ப வேண்டாம். அந்த முனை காற்றைச் சுலபமாகக் கிழிக்கவும், அடிபட்டதும் உள்ளே தள்ளப்பட்டுக் குண்டை விரியவைக்கவும் உதவுகிறது. முனைக்குப் பின்னால் இருப்பது சாதாரண ஈயமாகவும் இருக்கலாம், பாண்டடாகவும் இருக்கலாம், செம்பாகவும் இருக்கலாம், மெல்லிய உறை போட்டு நரிக்கும் முயலுக்கும் செய்ததாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகையை .308-இல் 110, 125 கிரெய்ன் எடைகளில் பார்க்கலாம். மானின் தோளில் பட்டால் மேலேயே வெடித்துச் சிதறி, பெரிய காயத்தோடு மானை ஓடவிடும். எடை குறைந்த பெட்டி கையில் வந்தால், எந்த மிருகத்துக்கானது என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான்காவது செம்பு. முழுக் குண்டும் ஒரே உலோகம், முனையில் குழி. அடிபட்டதும் முனை நான்கைந்து இதழாகப் பிளந்து விரியும். பார்ன்ஸ் நிறுவனம் 1980-களின் கடைசியில் இதைக் கொண்டுவந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. எடையை இழக்காமல் மறுபக்கம் வெளியே வருவதில் இதற்கு இணையில்லை. 50 கிலோ மானோ 80 கிலோ மானோ, முன்னாலிருந்து கொஞ்சம் கோணலாக நின்றாலும் கடந்து போய்விடும்.

ஆனால் நான் உங்களுக்குச் செம்பைச் சொல்வதற்கு முதல் காரணம் வேறு. ஈயக் குண்டு விரியும்போது அதிலிருந்து பொடிப்பொடியாக ஈயம் உதிர்கிறது. சுடப்பட்ட மான்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தவர்கள், காயத்தைச் சுற்றி நட்சத்திரம் தூவியது மாதிரி துகள்கள் பரவியிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூடத் துகள்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் தட்டுப்படாது. புளிப்பு சேர்த்துச் சமைத்தால் ஈயம் இன்னும் அதிகமாகக் கரைந்து கறியில் இறங்கும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருக்கலாம், ஆபத்தில்லை என்று சொல்வதற்கு ஒரு அளவே கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளர்கிற மூளையைத்தான் ஈயம் முதலில் பாதிக்கிறது. வருஷத்துக்கு ஒரு மான் சுட்டாலும் அதன் கறியைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். பாதுகாப்பான மாற்று கடையில் அதே அலமாரியில் இருக்கும்போது, நான் ஈயத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். நீங்கள் காட்டில் விட்டுவரும் குடலையும் கழிவையும் தின்கிற கழுகுகளுக்கும் இதே கதைதான். கலிபோர்னியாவின் காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாகி, அங்கே 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா முழுக்கத் தடை. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் தோட்டாவிலும் ஈயத்தைத் தடை செய்தது.

ஒருவேளை ஈயக் குண்டோடுதான் போக நேர்ந்தால், பாண்டட் எடுங்கள், காயத்தைச் சுற்றியுள்ள கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தப் பக்கத்துக் கறியைக் கொத்திப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கொத்தும்போது துகள்கள் எல்லாக் கறியிலும் கலந்துவிடும்.

செம்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு வேகம் வேண்டும். ஈயத்தை விடக் கடினமான உலோகம் என்பதால், மானை அடையும்போது வேகம் குறைந்திருந்தால் இதழ் விரியாமல் உறைக் குண்டு மாதிரியே கடந்துபோய்விடும். எத்தனை வேகம் வேண்டும் என்பது குண்டுக்குக் குண்டு மாறும். நொடிக்கு 2000 அடிக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொண்டால் கவலையில்லை. உங்கள் கணக்கைப் பார்ப்போம். .308-இல் 150 கிரெய்ன் தோட்டாவின் பெட்டியில் பெரும்பாலும் நொடிக்கு 2820 அடி என்று போட்டிருக்கும். அதை 24 அங்குலக் குழலில் அளந்திருப்பார்கள். உங்கள் குழல் 20 அங்குலம். அங்குலத்துக்கு 20, 25 அடி குறையும் என்று வைத்தால் சுமார் 2720 கிடைக்கும். 150 மீட்டரில் அது ஏறத்தாழ 2300 முதல் 2400. போதும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. 130 கிரெய்ன் எடுத்தால் கிளம்பும் வேகமே கூடுதலாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். குட்டைக் குழலுக்கு எடை குறைந்த செம்பு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நேராகப் பறக்கக் குழலின் உள்முறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள்) வேகமாக இருக்க வேண்டும். .308-இல் முறுக்கு பொதுவாக 10 அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 12 என்றால் நீளமான, கனமான செம்புக் குண்டுகள் சரியாக நிலைப்படாமல் போகலாம். 130, 150-க்குப் பிரச்சினை வராது. இதுவும் 180-ஐ ஒதுக்க ஒரு காரணம்.

கடைக்காரர் 180-ஐச் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. கனமான குண்டு ஆழமாகப் போகும், அது உண்மைதான். 150 கிலோவைத் தாண்டுகிற மான்களுக்கு அது பொருந்தும். உங்கள் மானின் நெஞ்சு அகலத்துக்கு அந்த ஆழம் வேண்டியதில்லை. பதிலுக்கு வேகம் குறைகிறது, உதை கூடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் ஆற்றல் எண்களையும் இதே மாதிரிப் பாருங்கள். 150 கிரெய்ன் .308 குழல் வாயில் சுமார் 2650 அடி-பவுண்டு; அதை விடச் சிறிய .243 வின்செஸ்டர் தோட்டாவின் 100 கிரெய்ன் சுமார் 1950. பின்னதைக் கொண்டு இந்த அளவு மான்களை உலகமெங்கும் சுத்தமாகச் சுடுகிறார்கள். மானை அடையும்போது 1000 அடி-பவுண்டு இருந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்களிடையே பழக்கத்தில் உள்ள ஒரு தோராயக் கணக்கு. 150 மீட்டரில் உங்களிடம் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கும்.

மேக்னம் பற்றி உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: 150 மீட்டரில் அது கூடுதலாக என்ன செய்யும்? .300 வின்செஸ்டர் மேக்னம் தூரத்துக்கும் பெரிய மிருகத்துக்கும் செய்யப்பட்டது. கிட்டத்தில் சுட்டால் அதன் வேகம் தோளிலும் விலாவிலும் கறியை ரத்தக்கட்டாக்கிவிடும். அதை விட முக்கியம், அதன் உதை .308-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உதைக்குப் பயந்தவர் டிரிக்கரை அழுத்தும் கணத்தில் தன்னையறியாமல் கண்ணை மூடி, தோளை முன்னால் தள்ளுவார். குண்டு நெஞ்சை விட்டு வயிற்றில் போய் விழும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் குறைவு, அனுபவசாலிகளுக்கும் உண்டு. உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: சுடுதளத்தில் நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மித் தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த முறை ரைஃபிளின் முனை ஆடினால் பதில் கிடைத்துவிட்டது. வயிற்றில் பட்ட மேக்னத்தை விட நுரையீரலில் பட்ட .243 மானுக்கு எவ்வளவோ இரக்கமானது.

உங்கள் பகுதியின் விதியை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். குறைந்தபட்ச கேலிபர் (குண்டின் விட்டம்), குறைந்தபட்ச ஆற்றல், குண்டு வகை, ஈயத் தடை என்று இடத்துக்கு இடம் வேறுபடும். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம், சிறிய இனங்கள் நீங்கலாக, .240 அங்குலத்துக்குக் குறையாத கேலிபரும் குழல் வாயில் 1700 அடி-பவுண்டு ஆற்றலும் கேட்கிறது. .308 இந்த மாதிரி வரம்புகளைச் சுலபமாகத் தாண்டிவிடும், ஆனால் குண்டு வகையில் நீங்கள் தவறிவிடக் கூடாது.

பயன்படுத்திய ரைஃபிள் என்றீர்கள். ஒரு தோட்டா சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அளவையும் போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குழலின் மேல் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். விற்றவர் சொன்னார் என்பது போதாது. பெயர் மாறிய தோட்டா சேம்பருக்குள் நுழைந்துவிட்டால் ரைஃபிள் வெடித்துக் கண்ணும் கையும் போனவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது சோதனை. வெவ்வேறு நிறுவனங்களின் செம்புத் தோட்டா மூன்று பெட்டி வாங்குங்கள். பொதுவாக ஒரு பெட்டியில் 20 இருக்கும். அதற்கு முன் குழலை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பழைய குண்டுகளின் உறை குழலுக்குள் பூச்சு மாதிரி படிந்திருக்கும். அதன் மேல் செம்பைச் சுட்டால் முதல் சில குண்டுகள் கண்டபடி சிதறும், தோட்டாவின் மேல் பழி விழும். 100 மீட்டரில், ரைஃபிளை மணல் மூட்டையில் தாங்கவைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். நடுவில் குழல் ஆறட்டும். கையால் தொட முடியாத சூட்டில் சுட்டால் எந்தத் தோட்டாவும் மோசமாகத் தெரியும். மூன்று குண்டு ஒட்டி விழுந்ததைப் பார்த்து மயங்காதீர்கள், அது தற்செயலாகவும் நடக்கும். ஐந்து குண்டும் 2 அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் உங்கள் வேலைக்கு அது நல்ல தோட்டா. ஒன்று ஒன்றரை அங்குலமும் இன்னொன்று ஒன்றே கால் அங்குலமுமாக இருந்தால், அந்தக் கால் அங்குலத்துக்காக அலையாதீர்கள். மேகசினிலிருந்து தடங்கல் இல்லாமல் ஏறுகிறதா, வெற்றுக் கூடு சுலபமாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும் தோட்டாவா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தப் பாடு என்றால், இரண்டு ரைஃபிள்கள் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்திருந்தாலும் ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடாது. என் ரைஃபிளில் அழகாக விழும் பெயரைச் சொல்லி உங்களை அனுப்பினால் அது உங்களுக்குக் கெடுதலாகவே முடியலாம். அதனால்தான் இந்த நிறுவனத்தின் தோட்டாவை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

தேர்ந்தெடுத்த தோட்டாவுக்கு ஸ்கோப்பை 100 மீட்டரில் சரிசெய்துவிட்டால், 150 மீட்டரில் குண்டு சுமார் 2 அங்குலம் தாழ்ந்து விழும். இந்த அளவு மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 8 அங்குல வட்டம். அதனால் நீங்கள் சொன்ன தூரத்துக்குள் நேராகவே குறிவைக்கலாம், கணக்குப் போட வேண்டாம். மேஜையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் குச்சியில் தாங்கியும் சுட்டுப் பழகுங்கள். அப்படிச் சுடும்போது எந்தத் தூரத்தில் உங்கள் குண்டுகள் 8 அங்குலத்தை விட்டு வெளியே போக ஆரம்பிக்கின்றனவோ, காட்டில் அதுதான் உங்கள் எல்லை. அது 90 மீட்டர் என்று தெரிந்தால், இந்தப் பருவத்தில் 90-க்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்னோரத்தை ஒட்டி மேலே போய், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள். செம்புக் குண்டோடு போகும்போது ரொம்பப் பின்னால் தள்ளிவிடாமல் தோளை ஒட்டியே வைப்பது நல்லது. கொஞ்சம் எதிர்ப்பு கிடைத்தால் அது நம்பகமாக விரியும். தலை, கழுத்து வேண்டாம். மானுக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருக்கிறதா என்பதைக் குறிவைப்பதற்கு முன்பே பாருங்கள். செம்புக் குண்டு முழுதாக வெளியே வரும். அது போய்ச் சேரும் இடத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, மான் நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் மனதில் பதித்துக்கொண்டு, அங்கேயே இருங்கள். கண்முன் விழாவிட்டால் அரை மணி நேரம் கழித்துப் போங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையாகவோ நாற்றத்தோடோ இருந்தால் வயிறு. அப்போது உடனே துரத்தினால் மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடும். சில மணி நேரம் பொறுத்து, முடிந்தால் தடம் பிடிக்கும் நாயோடு போங்கள்.

மானை அறுக்கும்போது குண்டு போன வழியைக் கையால் தொட்டுப் பாருங்கள்: நுழைந்த துளை, நுரையீரலின் நிலை, வெளியேறிய துளையின் அளவு. எந்த விளம்பரத்தையும் விட அந்தப் பத்து நிமிஷம் உங்கள் தோட்டாவைப் பற்றி அதிகம் சொல்லும். நுரையீரலில் விரல் அளவு துளை மட்டும் இருந்தால் குண்டு விரியவில்லை. அடுத்த முறை இன்னும் எடை குறைந்த அல்லது மென்மையான குண்டுக்கு மாறுங்கள்.

எத்தனை பெட்டி என்று கேட்டீர்கள். சோதனைக்கு மூன்று. தேர்ந்த பிறகு அதே தோட்டாவில் ஐந்து பெட்டி. பெட்டியில் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) அச்சிட்டிருக்கும். ஐந்திலும் ஒரே எண் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் வெடிமருந்து லாட்டுக்கு லாட் சிறிது மாறும், குண்டு விழும் இடமும் மாறும். இரண்டு பெட்டியை வேட்டைக்கென்று ஒதுக்கிவிட்டு மூன்றைப் பயிற்சியில் சுடுங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பயிற்சிக்கு மலிவான சாஃப்ட் பாயின்ட் வாங்கலாம். ஆனால் அது வேறு இடத்தில் விழும், செம்பும் ஈயமும் மாறும்போது குழலையும் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் காட்டுக்குப் போவதற்கு முன் கடைசியாகச் சுடுவது வேட்டைத் தோட்டாவாக இருக்கட்டும், ஸ்கோப்பும் அதற்கே சரிசெய்ததாக இருக்கட்டும். ஐந்து பெட்டியும் தீர்ந்து புது லாட் வாங்கினால், மறுபடி 100 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துவிட்டே மேகசினில் போடுங்கள்.